கையில் எடுத்தால் கனம் தெரியணும்: ரோபோ கேள்வி பதில்

போன இதழில் என் மேசைமேல் நிற்கும் மாஸிங்கர் இஸட் என்கிற ஜப்பான் ரோபோ பொம்மையைப் பற்றி ஓரமாக நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றிக் கேள்வி, மீதிப் பாதி அதை எழுதினதற்குத் திட்டு. சரி, இந்த இதழ் முழுக்க ரோபோவுக்கே விட்டாச்சு. இருபது வருஷம் கோவை கணபதியில் ஒரு டை காஸ்டிங் (உருக்கின உலோகத்தை டை என்கிற அச்சுக்குள் அழுத்தி வார்ப்பது) யூனிட்டில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவன் நான். பொம்மையைப் பார்த்தாலும் முதலில் வார்ப்புதான் கண்ணில் படும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் காலேஜ் முதல் வருஷம் படிக்கிறான். 18 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பொம்மை வேணும் என்கிறான். கேட்டால் “பொம்மை இல்லைப்பா, சோகோகின்” என்கிறான். அது என்னங்க, ஏதாவது விலை உயர்ந்த உலோகமா? (ஒரு தகப்பன், ஈரோடு)

உலோகம் ஒன்றும் விலை உயர்ந்தது இல்லைங்க, பேர்தான் பெரிசு. கோ நாகாய் உருவாக்கிய மாஸிங்கர் இஸட் 1972 டிசம்பரில் ஜப்பான் டிவியில் ஆரம்பித்தது. ஒரு பையன் குட்டி விமானத்தில் பறந்து வந்து ராட்சத ரோபோவின் தலைக்குள் இறங்கி, அங்கே உட்கார்ந்தபடி அதை ஓட்டுவான். அந்த ரோபோவின் உடம்பு ‘சோகோகின் இஸட்’ என்கிற உலோகத்தால் ஆனது, அதற்கான தாது ஃபியூஜி மலையில் கிடைக்கிறது என்பதெல்லாம் கதையில் வரும் கற்பனை. சோகோகின் என்றால் சூப்பர் கலப்புலோகம். 1974ல் ஜப்பான் பொம்மைக் கம்பெனி பண்டாயின் துணைக் கம்பெனியான பாப்பி, அதே மாஸிங்கரைக் கைக்குள் அடங்குகிற மாதிரி உலோகத்தில் வார்த்து, கதையில் வந்த உலோகத்தின் பேரையே பொம்மைக்கு வைத்துவிட்டது. அன்றைக்குப் பிடித்த பேர் இன்றைக்கும் ஓடுகிறது. 1997ல் ‘சோல் ஆஃப் சோகோகின்’ என்று பெரியவர்களுக்காகத் தனி வரிசை தொடங்கினார்கள். அதிலும் முதல் நம்பர் மாஸிங்கருக்குத்தான். உங்கள் மகன் கேட்பது அநேகமாக இந்த வரிசையாக இருக்கும்.

நிஜத்தில் உள்ளே இருப்பது துத்தநாகக் கலவை. நாலு சதவீதம் போல அலுமினியம், சிட்டிகை மக்னீசியம், சிலதில் கொஞ்சம் செம்பு. உங்கள் வீட்டுப் பொடக்காலியில் ஏதாவது பழைய மொபெட் கிடந்தால் அதன் கார்புரேட்டரைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள், ஏறக்குறைய அதே சரக்குதான். அப்புறம் 18 ஆயிரம் எதற்கு என்றால், டை அடிக்கிற செலவு, மேலே ஏறும் பெயின்ட், கதைக்குச் சொந்தக்காரருக்குப் போகும் உரிமைத் தொகை, கப்பல், வரி எல்லாம் அதில் இருக்கு. முழுசாக வாங்கித் தராதீர்கள். அந்த ரோபோ வரும் கதையை அரை மணி நேரம் தடுமாறாமல் சொல்லச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் பாதி உங்கள் பணம், மீதி அவன் சேர்த்தது. சொல்ல முடியவில்லை என்றால் யாரோ வீடியோ போட்டதைப் பார்த்துக் கேட்கிறான், ஒரு மாசம் போனால் மறந்துவிடுவான்.

நானும் டை காஸ்டிங் ஆள்தான். பம்பு, கிரைண்டர், மோட்டார் பாடி என்று என்னென்னமோ போடுகிற நம்ம கோயமுத்தூரில் இந்த ரோபோவைப் போட முடியாதா? (ஷிப்ட் சூப்பர்வைசர், கணபதி)

வார்ப்பதில் ஒரு சிரமமும் இல்லை. அலுமினியம் உருக 660 டிகிரி வேணும், துத்தநாகக் கலவைக்கு 400ஐ ஒட்டியே போதும், உருக்குகிற சட்டியும் சேர்ந்தே இருக்கிற ஹாட் சேம்பர் மெஷினில் சடசடவென்று ஒவ்வொரு வார்ப்பாக விழும். சூடு குறைவு என்பதால் டையும் அலுமினிய டையைப் போலப் பல மடங்கு உழைக்கும். அலுமினியத்தில் முழுசாக வராத மெல்லிய சுவரும் நுணுக்கமான கோடும் இதில் வந்துவிடும். கனமும் அப்படித்தான். அலுமினியம் தண்ணீரைப் போல 2.7 மடங்கு கனம், இது 6.6 மடங்கு, இரும்போ 7.8. அதனால்தான் கையில் வாங்கினதும் இரும்பு மாதிரி ‘திம்’ என்று இறங்குகிறது. பொம்மைக்குத் துத்தநாகத்தை எடுத்ததில் இதெல்லாம் கணக்கு.

போன வருஷம் என் மாஸிங்கரை எங்கள் பழைய டூல் ரூம் மேஸ்திரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுபது தாண்டியவர், கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு ரோபோவின் முகத்தைப் பார்க்காமல் நேராகத் தொடையைத் திருப்பினார். பத்து நிமிஷம் பேச்சே இல்லை, நகத்தால் விளிம்பை வருடிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: “தம்பி, பார்ட்டிங் லைனை இந்த மடிப்போட மடிப்பா ஓட்டிருக்கறானுங்க, கேட்டை எங்க வெச்சான்னே தெரியலீங்க.” (பார்ட்டிங் லைன் என்றால் அச்சின் இரண்டு பாதியும் சேருகிற கோடு, கேட் என்றால் உலோகம் அச்சுக்குள் பாய்கிற வாய்.) முழங்காலை மடக்கி, காலுக்குள் நுழைகிற முனையைக் காட்டினேன். அங்கே உள்பக்கம் உளுந்து அளவுக்கு ஒரு ராவின தடம். “அட திருட்டுப் பயலே” என்று சிரித்தவர், அதற்கப்புறம்தான் முகத்தைப் பார்த்தார், “இது என்ன சாமி, கொம்பு வெச்ச மாதிரி” என்று கேட்டார்.

ஆக, வார்த்துவிடலாம். ஆனால் ஒரு ரோபோவுக்கு எத்தனை சின்னச் சின்ன டை வேணும் என்று எண்ணிப் பாருங்கள். வார்த்ததில் ஓரப் பிசிர் எடுத்து, பாலிஷ் போட்டு, பெயின்ட் அடித்து, எறும்பு அளவு எழுத்தை அச்சடித்து, ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக் மூட்டும் கோத்து, முடித்த பிறகு ஆயிரக்கணக்கில் விற்றால்தான் டை காசு திரும்பும். அதற்கு முன்னால் ஜப்பானிலிருந்து உரிமை வாங்கணும். பம்பு பாடிக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை, அதனால்தான் நாம் பம்பு போடுகிறோம்.

மாஸிங்கரும், கண்டம் (Gundam) என்கிற இன்னொரு ஜப்பான் ரோபோவும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? (பத்தாம் வகுப்பு, காங்கேயம்)

என் வீட்டில் இரண்டும் மோதியது, ஜெயித்தது தரை. கண்டத்துக்குக் கொம்பு உடைந்தது, மாஸிங்கர் விழுந்த இடத்தில் டைல்ஸ் விரிசல்.

கண்டம் ரோபோவை முழுக்க உலோகத்தில் வாங்க நினைக்கிறேன். தேடினால் எல்லாம் பிளாஸ்டிக் கிட்டாகவே வருகிறதே? (பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர், திருப்பூர்)

பேருக்கேற்ற மாதிரி பிறந்த வருஷமே அதற்கு ஒரு கண்டம் வந்தது. 1979 ஏப்ரலில் தொடங்கிய முதல் கண்டம் தொடருக்கு க்ளோவர் என்ற பொம்மைக் கம்பெனிதான் ஸ்பான்சர். அவர்கள் சின்னப் பசங்களுக்கான உலோக பொம்மை போட்டார்கள், கதையோ போர், சாவு, பெரியவர்கள் சண்டை என்று போனது. டிவியில் எடுபடவில்லை, 43 எபிசோடோடு கடையைக் கட்டினார்கள். மறு ஒளிபரப்பில்தான் பிடித்துக்கொண்டது, 1980 ஜூலையில் பண்டாய் 300 யென்னுக்கு ஒட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் கிட் போட்டதும் கடைகளில் வரிசை நின்றது. க்ளோவர் 1983ல் திவால். அன்றிலிருந்து கண்டம் என்றால் பிளாஸ்டிக் கிட்தான், அதுதான் அதன் சொந்த ஊர்.

உலோகம் வேணும் என்றால் 2011ல் தொடங்கின ‘மெட்டல் பில்ட்’ வரிசை இருக்கு. ஆனால் பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இதுவும் முழுக்க உலோகம் இல்லை. எலும்புக்கூடு, பாதம், சில மூட்டு, சில கவசம் மட்டும் உலோகம், மேலே பெரும்பாலும் பிளாஸ்டிக். முழுசாக உலோகத்தில் போட்டால் தூக்கின கை தானாக இறங்கிவிடும், முதுகில் இவ்வளவு பெரிய சிறகை வைத்துக்கொண்டு நிற்கவும் முடியாது. கனம் கீழே இருக்கணும், மேலே லேசாக இருக்கணும், நம்ம ஊர் தஞ்சாவூர் பொம்மைக் கணக்குதான்.

ஆன்லைனில் 3,200 ரூபாய்க்கு ஒரு ‘சோகோகின்’ வாங்கினேன். நண்பன் டூப்ளிகேட் என்கிறான். எப்படிக் கண்டுபிடிப்பது? (காதர்பேட்டை பக்கத்திலிருந்து, திருப்பூர்)

காதர்பேட்டையில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே! எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் எது, ரிஜெக்ட் எது, பக்கத்துச் சந்தில் லேபிள் தைத்து ஒட்டினது எது என்று தையலைத் தடவியே சொல்லுகிற ஊர். அதே வித்தைதான் இங்கேயும்.

நானும் ஒருதரம் ஏமாந்திருக்கிறேன். பாதி விலை என்றதும் புத்தி போய்விட்டது, பேர் சொல்ல வேண்டாத ஒரு விற்பனையாளரிடம் கெட்டர் ரோபோ ஒன்று வாங்கினேன். பெட்டியைத் திறந்ததுமே தின்னர் வாசம். அசலில் இடுப்பைத் திருப்பினால் ‘கடக் கடக்’ என்று பல் விழும், இதில் வழவழவென்று சுற்றியது. ஏழாம் நாள் கையில் எடுத்தேன், இடது கால் தரையிலேயே நின்றுவிட்டது. உடைந்த இடத்தைப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை, காற்று அடைத்த வார்ப்பு. எங்கள் யூனிட்டில் நானே ரிஜெக்ட் பெட்டியில் வீசுகிற சரக்கு. இருபது வருஷம் தரம் பார்த்தவன் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

முதலில் பெட்டியைப் பாருங்கள். பொடி எழுத்து கலங்கியிருந்தால், தயாரித்தவன் பேர் இருக்க வேண்டிய இடம் வழுக்கையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அப்புறம் இரண்டு நிறம் சேரும் கோடு, அசலில் அது கத்தியால் வெட்டின மாதிரி இருக்கும். கனம் மட்டும் போதாது, டூப்ளிகேட்காரனுக்கும் துத்தநாகம் கிடைக்கும், சிலர் உள்ளே வெறும் கட்டியை வைத்துக் கனம் காட்டுகிறார்கள். அதற்காகச் சீனாவில் செய்ததெல்லாம் போலி என்று தள்ளிவிட வேண்டாம். அசல் பொம்மைகளிலும் நிறைய அங்கேதான் தயாராகின்றன. உங்கள் 3,200 ரூபாய்ச் சரக்கு? நண்பன் சொல்வது சரிதான் என்று நினைக்கிறேன்.

ஜப்பானிலிருந்து நேரடியாக வரவழைத்தால் மலிவா? (தென்னந்தோப்பு விவசாயி, பொள்ளாச்சி)

அங்கே விலை மலிவு, இங்கே வந்து இறங்கும்போது இல்லை. பொம்மைக்கான சுங்க வரியை 2020 பட்ஜெட்டில் 20லிருந்து 60 சதவீதம் ஆக்கினார்கள், 2023ல் 70. வரி போக, 2021லிருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பதால் பார்சல் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. பரிசு என்று எழுதி அனுப்பினால் வரி இல்லாமல் வந்த காலம் 2019 டிசம்பரோடு போச்சு, அந்த யோசனையும் வேண்டாம். ரசீது தருகிற இந்திய விற்பனையாளரிடம் முழு விலை கேட்டு வாங்குவதுதான் கடைசியில் நிம்மதி. பார்சல் எங்கே இருக்கு என்று ராத்திரி மூணு மணிக்குப் போனைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எண்பதுகளில் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சிங்க ரோபோ ஒன்று அட்டாலியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் காலெல்லாம் வெடித்து, தொட்டால் சாம்பல் மாதிரி உதிர்கிறது. துருவா? சரிசெய்ய முடியுமா? (கரூர்)

சிங்கம் என்றால் அநேகமாக ஐந்து சிங்கம் சேர்ந்து ஒரு மனித ரோபோ ஆகுமே, அந்தக் கூட்டத்தில் ஒன்று. 1981ல் ஜப்பானில் கோலயன் என்ற பேரில் வந்த தொடர், 1984ல் அமெரிக்காவில் வோல்ட்ரான் என்று பேர் மாறி உலகம் சுற்றியது. பின்னாலேயே காப்பியும் எக்கச்சக்கமாக வந்தது.

இது துரு இல்லை. துரு இரும்புக்கு வருவது, மேலிருந்து உள்ளே போகும். இது உள்ளிருந்தே வருவது. வார்க்கும்போது துத்தநாகத்தோடு ஈயமோ தகரமோ துளி கலந்துவிட்டால் போதும், அது உலோகத்தின் மணிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும், வருஷக்கணக்கில் ஈரம் பட்டுப் பட்டு அந்த இடுக்கெல்லாம் அரித்து, பொருள் ஊதி, வளைந்து, வெடித்து, கடைசியில் உதிரும். பழைய பொம்மை ரயில் சேகரிக்கிறவர்கள் இதை ‘துத்தநாகப் பிளேக்’ என்பார்கள். 1929ல் அமெரிக்காவின் நியூஜெர்ஸி ஜிங்க் கம்பெனி 99.99 சதவீதம் சுத்தமான துத்தநாகத்தில் ஜமாக் என்கிற கலவையைக் கொண்டுவந்ததே இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான். மருந்து என்ன என்பது அன்றைக்கே தெரியும். பழைய குழாய், பேட்டரி ஓடு என்று கிடைத்ததையெல்லாம் அதே சட்டியில் உருக்கி ஊற்றுகிற இடத்தில் இன்றைக்கும் இந்த நோய் வரும்.

சரிசெய்ய முடியாதுங்க. பசை போட்டால் பசை நிற்கும், பக்கத்தில் உதிரும். பிளேக் என்று பேரே தவிர, பக்கத்தில் இருக்கும் நல்ல பொம்மைக்குத் தொற்றாது. உதிர்கிற பொடியில் ஈயம் இருக்கலாம், பழைய பெயின்டிலும் இருக்கலாம், குழந்தைகள் கைக்குப் போகவே கூடாது, தொட்டால் கை கழுவுங்கள். ஒரு மூடி போட்ட டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைத்தால் மெதுவாக உதிரும், அவ்வளவுதான். முழுசாக உதிர்வதற்கு முன்னாலேயே ஒரு போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பிவிடுங்கள்.

எங்கள் வீதி முழுக்கத் தறி. எத்தனை துடைத்தாலும் ரோபோ மேல் பஞ்சு. (சோமனூர்)

தறிப் பஞ்சு சாதாரணத் தூசி மாதிரி மேலே மட்டும் உட்காராது, மூட்டுக்குள் புகுந்து எண்ணெயோடு சேர்ந்து திரியாகிவிடும். ஒருதரம் தோள் மூட்டைக் கழற்றினேன், உள்ளிருந்து விளக்குத் திரி மாதிரியே ஒன்று வந்தது, நம்ப மாட்டீர்கள். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி இல்லாமல் முடியாது. கதவு இடுக்கில் ஜன்னலுக்கு ஒட்டுகிற ஸ்பாஞ்ச் பட்டையை ஒட்டுங்கள். துடைக்க, முகத்துக்குப் பவுடர் போடுகிற மெத்தென்ற பிரஷ், வீட்டில் கேட்டுவிட்டு எடுக்கவும். கண்ணாடி துடைக்கிற திரவம், தின்னர், ஸ்பிரிட் எதுவும் பெயின்ட் பக்கம் போகக் கூடாது. மூட்டுக்கு எண்ணெயும் விடாதீர்கள், பஞ்சுக்கு விருந்து வைக்கிற மாதிரி.

மூட்டு தொளதொளத்துப் போனால் பந்துமூட்டின் மேல் நிறமில்லா நெயில் பாலிஷ் ஒரே ஒரு பூச்சு, ராத்திரி முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டவும். இறுகிப்போனால் திருகி உடைக்காமல் ஹேர் டிரையரைத் தள்ளி வைத்து ஒரு நிமிஷம் காட்டுங்கள், பிளாஸ்டிக் இளகிக் கொடுக்கும். அப்புறம் வெயில். மேற்கு ஜன்னல் ஓரம் வெள்ளை ரோபோவை வைத்தால் இரண்டு வருஷத்தில் மஞ்சளாகும், ஈரோட்டுக்காரர்கள் வேண்டுமானால் பெருமைப்படலாம்.

ஒரம்பரை வந்தால் அவர்கள் பசங்க ரோபோவை எடுத்துத் தா என்று அழுகிறார்கள். தராவிட்டால் நான் கல்நெஞ்சக்காரன், தந்தால் கை காலைப் பிய்க்கிறார்கள். என்ன செய்ய? (கல்யாணம் ஆகாத வாலிபர், கோபி)

கெடா விருந்து, காது குத்து என்று மாசம் இரண்டு சீர் இருக்கும் குடும்பங்களில் இது தீராத வழக்கு. என் வழி இது: கீழ்த்தட்டில், பசங்க கைக்கு எட்டுகிற உயரத்தில், மேலே சொன்ன அந்த ஒற்றைக்கால் கெட்டர் மாதிரி மூணு நாலு உதவாக்கரைகளை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறேன் (ஃபைல் போட்டு முனையெல்லாம் மழுக்கிவிட்டேன், ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் அதுவும் கிடையாது). “இதுதான் மாமாகிட்ட இருக்கறதுலயே நல்லது, பத்திரமா வெச்சு விளையாடு கண்ணு” என்று தயங்கித் தயங்கிக் கொடுக்கணும். தயக்கம் முக்கியம். நல்லதை மேல்தட்டில் வைத்துப் பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுக்காதீர்கள், உங்கள் அம்மாதான் முதலில் திறந்து கொடுப்பார்.

இன்னொன்று, மாஸிங்கரின் முஷ்டி ஸ்பிரிங்கில் பறக்கிற மாடல்கள் உண்டு, கதையில் வரும் ராக்கெட் பஞ்ச் அது. அது இருக்கிறது என்று பசங்களுக்குத் தெரியவே கூடாது. எங்கள் வீட்டில் ஒரு முஷ்டி சாம்பார் வாளிக்குள் போய் விழுந்து, பரிமாறும்போது பெரியப்பா இலையில் வந்தது.

பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால் பின்னால் நல்ல விலை போகுமாமே? (சேலம்)

போகலாம், போகாமலும் இருக்கலாம், பண்டாய் அதே ரோபோவை இன்னும் நல்லதாகத் திரும்பப் போட்டால் பழைய பெட்டி விலை சரிந்துவிடும், மாஸிங்கருக்கே சோல் ஆஃப் சோகோகினில் 1997ல் ஒன்று, 2016ல் புது வார்ப்பில் இன்னொன்று என்று வந்தது. லாபம்தான் வேணும் என்றால் உங்கள் ஊரிலேயே வெள்ளி இருக்கு. பிரித்துவிடுங்கள்.

எனக்கு வாரம் 50 ரூபாய் பாக்கெட் மணி. அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார். சோகோகின் வாங்க எத்தனை வருஷம் ஆகும்? (எட்டாம் வகுப்பு, சத்தியமங்கலம்)

ஒரு பைசா மிட்டாய் வாங்காமல் சேர்த்தால் வருஷம் 2,600, 18 ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஏழு வருஷம், அதனால் காலேஜ் முடிக்கிற சமயத்தில் ஒன்று வாங்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம் கண்ணு. 1/144 அளவில் சின்ன கண்டம் பிளாஸ்டிக் கிட் சிலது ஒரு வருஷச் சேமிப்புக்குள்ளேயே வரும், கம்மில்லாமல் சொருகிக்கொள்கிற மாதிரியே இருக்கும். அதற்கும் முன்னால், உன் வீட்டிலேயே பட்டறை இருக்கிறதே! பழைய ஸ்பார்க் பிளக் உடம்பு, பேரிங் தோள், நட்டு முழங்கால், போல்ட்டு கால். பாதத்துக்கு மட்டும் கனமான வாஷராகப் பார்த்து எடு, இல்லாவிட்டால் மூஞ்சி குப்புற விழும். முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, அடுத்த இதழில் போடுகிறேன். வெல்டிங்கை மட்டும் அப்பாவிடம் விட்டுவிடு.